1,499 ரூபாய் பேக்கேஜ், 14 பக்க ரிப்போர்ட், மூன்று நட்சத்திரம்

மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன். ரத்தம் எடுத்த அக்காவுக்குத் தனியாகப் போட வழி இருந்தால் ஐந்து போட்டிருப்பேன். அந்த 14 பக்க ரிப்போர்ட்டை வடிவமைத்தவருக்கு ஒன்று. கூட்டி இரண்டால் வகுத்துக்கொள்ளுங்கள்.

கோவையில் நாலைந்து கிளை வைத்திருக்கும் லேப் அது. பெயரைப் போட்டு வம்பு வளர்க்க விருப்பமில்லை. என்னைப் போல டைப் 1 சர்க்கரையோடு விடுதியில் தங்கிப் படிக்கிற யாராவது இந்த மாதிரி ‘முழு உடல் பரிசோதனை’க்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் படித்துக்கொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

எனக்கு வயது 20. கோபிச்செட்டிப்பாளையம் பக்கம் ஊர், தடப்பள்ளி வாய்க்கால் பாசனம், அப்பாவுக்கு நெல்லும் மஞ்சளும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். 13 வயதில் டைப் 1 வந்தது, நாளைக்கு நாலு ஊசி. “இந்த வயசுலயே சுகரா சாமி, நெறய முட்டாய் தின்னுப்போட்டயா?” என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை அழித்துவிடுகிறது, முட்டாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஏழு வருடமாகச் சொல்லிப் பார்க்கிறேன். தலையாட்டிக் கேட்டுவிட்டு, “இருந்தாலும் கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை ஒண்ணும் பண்ணாதுங்க” என்று முடிப்பார்கள். பண்ணும்.

டைப் 1 வந்து ஐந்து வருடம் ஆனால் சிறுநீரில் புரதம் போகிறதா, விழித்திரை எப்படி இருக்கிறது என்று வருடா வருடம் பார்க்கச் சொல்வார்கள். போன இரண்டு தடவையும் அம்மா கூட வந்து ஈரோட்டில் எங்கள் டாக்டரிடமே எல்லாம் முடிந்தது. இந்தத் தடவை பெரிய மனுஷனாகி நானே கோவையில் பண்ணிக்கொள்கிறேன் என்று கிளம்பினேன்.

விளம்பரத்தில் ‘72 பரிசோதனைகள்’ என்று போட்டிருந்தார்கள். எண்ணிப் பார்த்தால் ரத்த அணுக்கள் பரிசோதனை ஒன்றையே இருபதுக்கும் மேலாகப் பிரித்து எண்ணியிருக்கிறார்கள். கொழுப்புப் பரிசோதனையில் வரும் இரண்டு எண்களை ஒன்றோடொன்று வகுத்து வருகிற விகிதமும் ஒரு பரிசோதனையாம். சரி, வியாபாரம். ஆனால் சர்க்கரை உள்ளவனுக்கு முக்கியமான சிறுநீர் அல்புமின்-கிரியேட்டினின் விகிதம், ஏசிஆர் என்பார்கள், அது அந்த 72-ல் இல்லை. தனியாக 450 ரூபாய் கட்டிச் சேர்த்தேன்.

முன்பதிவு செய்ததும் வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு குறிப்பு வந்தது: 12 மணி நேரம் வெறும் வயிறு, தண்ணீர் குடிக்கலாம். இன்சுலின் போடுபவர்கள் என்ன செய்ய வேண்டும், முந்தின நாள் எதைத் தவிர்க்க வேண்டும் என்று ஒரு வரி கிடையாது. நானும் கேட்கவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழரைக்குப் போனேன், டோக்கன் 23. கிளம்பும்போது மீட்டரில் சர்க்கரை 112. எட்டரைக்கு உள்ளங்கை வேர்த்து, சுவரில் இருந்த டிவி எழுத்து கலங்கியது. குத்திப் பார்த்தால் 61, சர்க்கரை இறங்கிவிட்டது. கவுண்டரில் போய், “ஏனுங்க, எனக்கு லோ ஆகுதுங்க, முன்னாடி எடுக்க முடியுங்களா?” என்றேன். “வரிசைப்படிதானுங்க தம்பி. ஏதாச்சும் குடிச்சீங்கன்னா ஃபாஸ்டிங் வீணாயிருமுங்க” என்று பதில். மரியாதையில் குறை சொல்ல முடியாது, எல்லாவற்றுக்கும் ‘ங்க’ இருந்தது. எனக்குத்தான் கால் நடுங்கியது. பையில் வைத்திருந்த குளுக்கோஸ் 15 கிராமைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு உட்கார்ந்தேன். கால் மணி கழித்து 88. அந்த நேரத்தில் எந்தக் கவுண்டரில் யார் என்ன சொன்னாலும் குடித்துவிடுங்கள்.

ஒன்பது இருபதுக்குக் கூப்பிட்டார்கள். ஊசி போட்ட அக்கா, “எந்தூருங்க தம்பி?” என்றார். கோபி என்றேன். “அட, எங்க அமுச்சி ஊரு நம்பியூருதானுங்க” என்று சொல்லி முடிப்பதற்குள் மூன்று குழாய் நிறைந்திருந்தது. ஒரே குத்து, வலியே இல்லை, மறுநாள் கன்றிப்போகவும் இல்லை. ஏழு வருடமாகக் குத்து வாங்குகிறவன் சொல்கிறேன், அவர் கை தங்கம். சிறுநீருக்கு அப்போதே ஒரு டப்பாவைக் கொடுத்து, பக்கத்து கழிவறையில் பிடித்துத் தரச் சொன்னார்கள். தந்தேன்.

ரிப்போர்ட் அன்று இரவே ஒன்பதே முக்காலுக்கு வந்துவிட்டது. வேகத்துக்கு முழு மதிப்பெண். பிடிஎஃப்பைத் திறந்தால் சிவப்பு. வெறும் வயிற்றுச் சர்க்கரை 131, எச்பிஏ1சி (சில மாதச் சராசரிச் சர்க்கரை) 8.6, சிறுநீரகத்துக்குப் பார்க்கும் கிரியேட்டினின் 1.3, இஜிஎஃப்ஆர் 80, ஏசிஆர் 78, கல்லீரலுக்குப் பார்க்கும் எஸ்ஜிஓடி 71, வைட்டமின் டி 17. எல்லாம் ஒரே தடித்த சிவப்பு, எல்லாவற்றுக்கும் பக்கத்தில் ஒரே மாதிரி அம்புக்குறி. 131-க்குக் கீழே தானாக ஒரு குறிப்பு: ‘உங்களுக்கு நீரிழிவு இருக்கலாம், மருத்துவரை அணுகவும்.’ ஏழு வருடம் கழித்துத் தகவல் சொன்னதற்கு நன்றி. அதுவும் அந்த 131 நான் குடித்த குளுக்கோஸ்.

சிரிப்பு அதோடு நின்றது. ஒன்பதாம் பக்கத்தில் ஒரு மனித உருவம் வரைந்து, இரண்டு சிறுநீரகத்துக்கும் சிவப்புச் சாயம் பூசி, ‘கவனம் தேவை’ என்று போட்டிருந்தார்கள்.

எங்கள் பெரியப்பாவுக்கு டைப் 2. கடைசி மூன்று வருடம் வாரத்துக்கு மூன்று நாள் ஈரோட்டுக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டார். இடது கையில் டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து ஃபிஸ்டுலா போட்ட இடம் கயிறு மாதிரி புடைத்திருக்கும். தொட்டால் உள்ளே விர்ரென்று ஓடுவது தெரியும். சின்னப் பையனாக இருந்தபோது என் விரலைப் பிடித்து அதில் வைத்து, “மோட்டார் ஓடுது பாரு” என்பார். அந்தப் படத்தைப் பார்த்ததும் என் விரல் நுனியில் அந்த விர்ர்தான் வந்தது. விடுதி மொட்டை மாடிக்குப் போய் மருதமலை விளக்கைப் பார்த்தபடி நின்றேன். வழக்கம்போல அம்மா கூப்பிட்டார். “சாப்டியா கண்ணு? ரிப்போட்டு வந்துருச்சா?” “இன்னும் வர்லீங்ம்மா.”

பேக்கேஜோடு ஒரு இலவச ஆலோசனை உண்டு. மறுநாள் பத்து மணிக்குப் போன் வந்தது. சிவப்பாக இருந்ததை எல்லாம் எனக்கே வாசித்துக் காட்டிவிட்டு, அரிசியை நிறுத்தச் சொன்னார் அந்தப் பெண். அப்புறம், 6,999 ரூபாய்க்கு ஒரு 90 நாள் திட்டம் இருக்கிறது, சர்க்கரையையே ‘ரிவர்ஸ்’ பண்ணிவிடலாம், ஊசி தேவைப்படாது என்றார். எனக்கு டைப் 1 என்றேன். “எந்த டைப்பா இருந்தாலும் ட்ரை பண்ணலாம் சார்.” ரிப்போர்ட்டுக்குப் போட்ட அந்த ஒற்றை நட்சத்திரம்கூட இதற்குக் கிடையாது. டைப் 1-ல் ஊசியை நிறுத்தினால் சில நாளில், சில சமயம் அதற்கு முன்பே, ரத்தத்தில் கீட்டோன் என்கிற அமிலம் ஏறி ஐசியூவில் கிடக்க வேண்டியதுதான். விவரம் தெரியாத வீட்டில், நோய் வந்து ஒரு மாதமே ஆன குழந்தையின் அப்பா இந்த போனை எடுத்திருந்தால் என்னவாகும் என்று இப்போதும் யோசிக்கிறேன். லேபில் புகார் கொடுத்தேன். ‘பதிவு செய்யப்பட்டது’ என்று ஒரு எண் வந்தது. அவ்வளவுதான்.

கடைசியில் ஈரோட்டு கிளினிக்கில் சர்க்கரை உள்ளவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற எஜுகேட்டர் அக்காவைக் கூப்பிட்டேன். ஊசி போடக் கற்றுக்கொடுத்ததும் அவர்தான். ரிப்போர்ட்டை அனுப்பியிருந்தேன். எடுத்ததும், “கிட்னிய அப்பறம் பாக்கலாங்க தம்பி. ஞாயித்துக்கெழம என்ன பண்ணுனீங்க?” என்றார்.

சனிக்கிழமை ராத்திரி வெள்ளியங்கிரி ஏறியிருந்தோம். வகுப்பில் ஏழு பேர், பேரூர், ஆலாந்துறை வழியாகப் பூண்டி பஸ். அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி. பத்து மணிக்கு ஏற ஆரம்பித்து, ஏழாவது மலையில் விடியலைப் பார்த்துவிட்டு, ஞாயிறு மதியம் ஒரு மணிக்கு இறங்கினோம். ஆண்டி சுனையில் குளித்தபோது பல் கிட்டியது. ராத்திரி இன்சுலினைக் குறைத்துப் போட்டு, இடையிடையே கடலை மிட்டாய் தின்று, சர்க்கரையை நன்றாகவே சமாளித்திருந்தேன். தண்ணீர்தான் சரியாகக் குடிக்கவில்லை. திங்கட்கிழமை படி இறங்கவே தொடை விடவில்லை. அந்தத் தொடையோடுதான் லேபுக்குப் போயிருந்தேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை.

அக்கா சிரித்துவிட்டார். அரை மணி நேரம் போனில் அவர் சொன்னதையும் சனிக்கிழமை ஈரோட்டில் டாக்டர் சொன்னதையும் சேர்த்தே எழுதுகிறேன். ஏசிஆர் 30-க்குள் இருந்தால் இயல்பு; 30-லிருந்து 300 வரை சிறுநீரகத்தில் பாதிப்பு தொடங்கியிருக்கலாம் என்பதற்கான அறிகுறி. ஆனால் கடுமையான உடற்பயிற்சி செய்த 24 மணி நேரத்துக்குள் பிடித்த சிறுநீரில் நல்ல சிறுநீரகத்திலிருந்தும் புரதம் கசியும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய், சர்க்கரை தாறுமாறாக ஏறிக் கிடப்பது, எல்லாம் அந்த எண்ணை ஏற்றும். அதனால் ஒரே ஒரு ரிப்போர்ட்டை வைத்து யாரும் முடிவு கட்டுவதில்லை. மூன்றிலிருந்து ஆறு மாதத்துக்குள் மூன்று தடவை பார்த்து, இரண்டில் கூடியிருந்தால்தான் அது கணக்கு. பிடிக்க வேண்டியதும் காலையில் எழுந்ததும் போகிற முதல் சிறுநீர். டோக்கன் வாங்கி உட்கார்ந்துவிட்டு ஒன்பது மணிக்கு மேல் போவது அல்ல.

எஸ்ஜிஓடியைக் கல்லீரல் என்று மட்டும்தான் நான் நினைத்திருந்தேன். அது தசையிலும் இருக்கிறதாம். தொடை அந்தப் பாடு பட்டால் ரத்தத்தில் ஏறாமல் என்ன செய்யும்? பக்கத்தில் கல்லீரலுக்கான இன்னொரு எண்ணான எஸ்ஜிபிடி 34 என்று அமைதியாக இருந்ததை டாக்டர் பேனாவால் தொட்டுக் காட்டினார். கிரியேட்டினினும் தசையிலிருந்து வருவதுதான். உடம்பில் நீர் வற்றினாலும் கூடும். சிறுநீரகம் எவ்வளவு வடிகட்டுகிறது என்று காட்டுகிற இஜிஎஃப்ஆர் தனியாக அளக்கிற ஒன்றே இல்லை. கிரியேட்டினினையும் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் ஒரு சூத்திரத்தில் போட்டு எடுக்கிற எண். ஒன்று ஆடினால் இன்னொன்றும் ஆடும். இரண்டு சிவப்பு என்று நான் பயந்தது உண்மையில் ஒரே சிவப்பு. லேபில் காலையில் லோ ஆனதும் மலை ஏறியதால்தான். கடுமையாக உழைத்த தசை மறுநாள் வரை சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும்.

எனக்கு வெட்கமாகப் போனது எதற்கென்றால், இதே பாடத்தை நான் கல்லூரியில் படித்துத் தேர்வு எழுதியிருக்கிறேன். மண் பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும்போது எருக்குழி ஓரம் எடுக்காதே, மரத்தடியில் எடுக்காதே, வரப்போரம் எடுக்காதே, உரம் போட்டவுடனே எடுக்காதே என்று மனப்பாடமாகச் சொல்வேன். வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் மேல்குப்பையை விலக்கி, ‘வி’ வடிவத்தில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, ஓரத்து மண்ணைச் சுரண்டி எடுத்து, கலந்து, கால்பங்காக்கிக் குறைத்து அரைக் கிலோ அனுப்ப வேண்டும். எருக்குழிப் பக்கம் அள்ளிய மண்ணைக் கொண்டுவந்து, சாம்பல் சத்து கூடிப்போச்சு என்று கவலைப்படும் விவசாயிக்கு நாங்கள் புத்தி சொல்வோம். வெள்ளியங்கிரி இறங்கிய மறுநாள் டப்பாவை நீட்டியவன் வேறென்ன செய்தான்? எங்கள் மண் பரிசோதனைப் பையில் எப்படி எடுப்பது என்ற தாள் இருக்கும். 1,949 ரூபாய் வாங்கிய லேப் அப்படி ஒரு தாளைத் தரவில்லை.

இத்தோடு முடிந்திருந்தால் சந்தோஷமாக ஊர் திரும்பியிருப்பேன். டாக்டர் வைட்டமின் டிக்கு மாத்திரை எழுதிவிட்டு, பேனாவைத் திருப்பி 8.6-ஐச் சுற்றி வட்டம் போட்டார். “இதப் பத்தி ஒண்ணுமே கேக்கலியே தம்பி?”

கேட்கவில்லைதான். நாலு நாளாக சிறுநீரகத்துக்கு அழுததில் அதை நான் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வீட்டில் இருந்தவரை எனக்கு 7.2, 7.4 என்றுதான் வரும். எச்பிஏ1சி கடந்த இரண்டு மூன்று மாதத்தின் கணக்கு. ஒரு நாள் மலை ஏறியதற்கு அது அசையாது. 8.6 என்றால் சராசரிச் சர்க்கரை ஏறக்குறைய 200. நானோ காலையில் மட்டும் குத்திப் பார்ப்பேன், 130, 140 இருக்கும், பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். “காலைல 140-ன்னா, சராசரி 200 எப்படிங்க வந்துச்சு? ராத்திரி பதினொண்ணுக்குப் பாத்துருக்கீங்களா?”

பார்த்ததில்லை. பதினொரு மணிக்கு நான் லாலி ரோட்டில் புரோட்டா தின்றுகொண்டிருப்பேன். விடுதியில் ஏழரைக்கே சோறு போட்டுவிடுகிறார்கள், படிக்க உட்கார்ந்தால் பத்தரைக்குப் பசிக்கும். எல்லார் முன்னாலும் சட்டையைத் தூக்கி ஊசி போடக் கூச்சம். அறைக்கு வந்து போட்டுக்கொள்ளலாம் என்று நினைப்பது, வந்து தூங்கிவிடுவது. அம்மா செய்கிற அரிசிம்பருப்புக்கு எத்தனை யூனிட் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இரண்டு புரோட்டா, சால்னாவுக்கு எத்தனை என்று இன்றைக்கும் துல்லியமாகத் தெரியாது.

எஜுகேட்டர் அக்கா வயிற்றை விரலால் அழுத்திக்கொண்டே வந்தார். தொப்புளுக்கு இடப்பக்கம் நின்றார். என் விரலையும் வைக்கச் சொன்னார். தோலுக்கு அடியில் ரப்பர் மாதிரி ஒரு தடிப்பு. ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால், அதுவும் ஒரே ஊசிமுனையைப் பத்து நாள் ஓட்டினால், அங்கே கொழுப்பு கட்டிப்போகுமாம். அதற்குள் போன இன்சுலின் எப்போது இறங்கும் என்று சொல்ல முடியாது. வலிக்காது, அதனால்தான் நானும் அங்கேயே போட்டுக்கொண்டிருந்தேன். இடத்தை மாற்றும்போது அளவைக் குறைக்கச் சொன்னார், நல்ல தோலில் அதே யூனிட் வேகமாக வேலை செய்து லோ ஆக்கிவிடும் என்று. 72 பரிசோதனையில் இந்தத் தடிப்பு எந்தப் பக்கத்திலும் இல்லை.

கண் பரிசோதனையும் பேக்கேஜில் கிடையாது. அவிநாசி ரோட்டில் அரவிந்த் கண் மருத்துவமனையில் பார்த்துக்கொண்டேன். விழித்திரை சுத்தம். சொட்டு மருந்து விட்டு வெளியே வந்தால் வெயில் ஊசியாகக் குத்தும், எழுத்து தெரியாது, வண்டியில் போகாதீர்கள்.

மூன்று வாரம் கழித்து அதே லேபுக்குப் போனேன், அந்த ஊசி அக்காவுக்காக. முந்தின நாளே டப்பாவை வாங்கி வைத்து, இரண்டு நாள் கிரவுண்டுப் பக்கம் போகாமல், விடியற்காலை முதல் சிறுநீரைப் பிடித்து, மஞ்சப்பையில் போட்டு டவுன் பஸ்ஸில் எடுத்துப்போனேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பாரு பையைக் கொடு, மடியில் வைத்துக்கொள்கிறேன் என்று இழுத்ததுதான் அன்றைய பெரிய கண்டம். ஏசிஆர் 16. மூன்றாம் மாதம் இன்னொரு தடவை: 12. கிரியேட்டினின் 1.0, இஜிஎஃப்ஆர் 110, எஸ்ஜிஓடி 26. எச்பிஏ1சி 7.8. ஏழுக்குக் கீழே வரச் சொல்லியிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. ஒவ்வொரு தடவையும் ஏசிஆருக்கு முழுசாக 450 வாங்கிக்கொண்டார்கள், பழைய வாடிக்கையாளன் என்று பத்து ரூபாய்கூடக் குறைக்கவில்லை.

மூன்றாம் தடவை போனபோது கவுண்டர் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: ‘இன்சுலின் போடுபவர்கள் டோக்கன் வாங்கும்போதே தெரிவிக்கவும்.’ என்னை முதல் ஆளாகக் கூப்பிட்டார்கள். மூன்று நட்சத்திரத்திலிருந்து குறைக்காமல் விட்டது அந்தத் தாளுக்காகத்தான். சிறுநீர் எப்படிப் பிடிப்பது என்பதற்கு இன்னும் தாள் இல்லை. ரிப்போர்ட்டில் அதே சிவப்பு, அதே அம்பு. இந்தத் தடவை வைட்டமின் டியும் 7.8-ம் ஒரே அளவில் மிரட்டின.

16 வந்த அன்றுதான் 78-ஐ அம்மாவிடம் சொன்னேன், மலை, தொடைவலி, பொய் எல்லாவற்றையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பெரியப்பாவை நினைக்கிறார் போல என்று நானும் பேசாமல் இருந்தேன். “ஏங்கண்ணு,” என்றார் அப்புறம், “மலைக்குப் போறதுன்னா ஒரு வார்த்த சொல்லிப்போட்டுப் போகோணும்ல? ஒரு தேங்காய் குடுத்து உட்ருப்பேனே.”